புல்பூண்டுகளின் பூர்வீகம்

மண்வாசனை என்னும் சொல் எமது விமர்சன உலகிலே பெருவழக்குப் பெற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும் தேசிய இலக்கியம் பற்றி எழுந்த வாதங்களிலே அச்சொல் ஒரு போர்க்குரலாகவே ஒலித்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளைப் பார்த்துக் காவிரிக்கரையைக் கற்பனை செய்துகொண்டிருந்த ஈழத்து எழுத்தாளன், தன் காலின் கீழுள்ள மண்ணை எழுதவேண்டுமென முற்போக்காளர் கோரினர். அக்கோரிக்கை நியாயமானது. அதன் பயனாகவே எமது கதைகளிலே மக்களின் பேச்சுமொழி வந்தது. சாதிக் கொடுமை வந்தது. சுருட்டுக் கொட்டிலும் தோட்டத்து லயமும் வந்தன. ஆயின் மண்ணை எழுதியவர்கள் அம்மண்ணில் முளைத்தவற்றை எந்த அளவுக்கு எழுதினர் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாயில்லை. பெரும்பாலான கதைகளிலே செடி கொடிகள் ‘பற்றை’ என்றும் ‘காட்டுமரம்’ என்றும் ‘பெயர் தெரியாத பூ’ என்றும் வந்து போகின்றன. பெயர் தெரியாதது கதைமாந்தனுக்கன்று, எழுதியவருக்கே. கதையில் வரும் கமக்காரனுக்கு அச்செடியின் பெயரும் குணமும், அது முளைக்கும் நிலமும் காலமும் தெரியும்.

இதனைச் சிறு குறை என்று தள்ளிவிடலாம் என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. வகுப்பறையிலே நிகழ்ந்த ஒரு சம்பவம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே ஐந்திணை கற்பித்துக்கொண்டிருந்தோம். பாலை என்பது நீரற்று வறண்ட நிலம் என்றும், பாலை மரத்தின் பெயரே அத்திணைக்குப் பெயராயிற்று என்றும் விளக்கினோம். வன்னிக் கிராமமொன்றிலிருந்து வந்து உறவினர் வீட்டிலே தங்கிப் படித்த மாணவனொருவன் எழுந்தான். “சேர், எங்கட ஊரில பாலை மரம் குளக்கட்டுக்கு அங்கால நிறைய நிக்குது. ஆனியில பழம் பொறுக்கப் போவம். அது பெரிய காடெல்லோ, சேர், வறண்ட இடமில்லையே?” என்றான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, ஏனெனில் எமக்கு விடை தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறிய நமக்கு உரையாசிரியர்களின் கருத்து வேறுபாடுகள் தெரிந்திருந்தன. பாலை மரம் எது என்பது தெரிந்திருக்கவில்லை.

விடை பின்னரே கிடைத்தது. வன்னியிலே பாலை எனப்படுவது சிங்களத்திலே ‘பலு’ என வழங்கும் பெருமரம். மிக மெதுவாக வளர்வது, வைரமான மரம், அதன் மஞ்சள் நிறப் பழத்தைத் தின்றால் பாலினாலே உதடுகள் ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டிலே இதற்கு உலக்கைப்பாலை என்று பெயர். சங்கப் பாடல்களிலே வரும் பாலையோ வெட்பாலை இனத்தைச் சேர்ந்தது என்பதே ஆராய்ந்தவர் பலரின் கருத்து. இரண்டும் முற்றிலும் வேறான குடும்பங்களைச் சேர்ந்தவை. வெட்டினால் பால் வடிவதொன்றே அவற்றை இணைக்கும் பண்பு. ஆகவே அம்மாணவன் சொன்னதும் சரி. நூல் சொன்னதும் சரி. இரண்டையும் ஒன்றெனக் கொண்ட ஆசிரியரே பிழைவிட்டவர்.

இச்சம்பவத்தின் பின், எமது பிரதேசத்துக் காட்டுச் செடிகளை யார் பதிந்தார்கள், எவ்வாறு பதிந்தார்கள், அப்பதிவுகளை நாம் எவ்வாறு வாசிக்கவேண்டும் என்னும் கேள்விகள் எழுந்தன. தாவர நூல் தாவரவியலாளருக்குரியது, இலக்கிய மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பதிவு என்பதும் ஓர் எழுத்தே. எழுத்தாகிய எதனையும் போலவே அதற்கும் எழுதியவன் உண்டு, நோக்கம் உண்டு, சொன்னவை உண்டு, சொல்லாது விட்டவையும் உண்டு. அவ்வகையிலே அது விமர்சனத்துக்கு உட்பட்டதே.

முதலில் எமது பழம் பதிவை நோக்குவோம். செடியை அது வாழும் நிலத்தோடு சேர்த்து அறியும் மரபு தமிழிலே மிகப் பழையது. தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்குமிடத்து மரத்தையும் மாவையும் புள்ளையும் நிலத்தோடும், அந்நிலத்து மக்களின் தொழிலோடும் இணைத்தே கூறுகின்றது. மலை, காடு, வயல், கடற்கரை என்னும் பாகுபாடு வெறும் கவிமரபன்று. செடியின் வாழிடத்தையும் மனிதரின் உழைப்பையும் ஒரே பார்வையிற் கண்டதன் விளைவு. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதும் மனங்கொளத்தக்கவை. வாழிடம் மாறாத ஒன்றன்று என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

எனினும் பெருமைப்படுவதற்கு முன் நிதானமாக வாசித்தல் வேண்டும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் வருவதாகக் கணக்கிட்டு, அதனைத் தமிழரின் தாவரவியல் அறிவுக்குச் சான்றாக மேடைகளிலே முழங்குவது வழக்கம். அப்பட்டியலைச் செடிகளை அறிந்தவனொருவனிடம் கொடுத்தால் அவன் இரு கேள்விகளைக் கேட்பான். மலைச்சாரலிலே தினைப்புனங் காக்கும் மகளிர் பறித்து விளையாடிய பூக்களிலே அடும்பு எவ்வாறு வந்தது என்பது ஒன்று. அடும்பு கடற்கரை மணலிலே படர்வது. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்னும் எமது பழமொழியிலே அப்பழம்பெயர் இன்றும் உயிரோடிருக்கின்றது. தில்லையும் அப்பட்டியலில் உண்டு. அது உவர்நீர்க் களப்போரங்களிலே கண்டலோடு வளர்வது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதை எமது மீனவர் அறிவர். இரண்டாவது கேள்வி, பெயர்கள் தொண்ணூற்றொன்பதாயின் செடிகளும் தொண்ணூற்றொன்பதோ என்பது. தாழையும் கைதையும் ஒரே இனத்தின் பெயர்கள். காந்தள், தோன்றி, கோடல் என்பனவும் தம்முள் நெருங்கிய உறவுடையன என்பர். ஆகவே குறிஞ்சிப்பாட்டுப் பட்டியல் பெயர்க் களஞ்சியம் என்ற வகையிலே விலைமதிப்பற்றது. வாழிடப் பதிவு என்று அதனை எழுத்துக்கு எழுத்துக் கொள்ளுதல் பொருந்தாது. கவிஞனுக்கு அது குறையுமன்று. அவன் செய்தது கவிதை. அதனைத் தாவர அட்டவணையாக்கியது எமது பெருமிதம்.

பிற்காலத்திலே இம்மரபு மேலும் தேய்ந்தது. நிகண்டுகள் மரப்பெயர்களைத் தொகுத்தன. ஆயின் பெயருக்குப் பெயரே பொருளாயிற்று. உரைகளிலும் அகராதிகளிலும் ‘ஒரு மரம்’, ‘ஒருவகைப் பூடு’ என்ற விளக்கங்கள் மலிந்தன. செடியைக் கண்ணாற் காணாமல் சொல்லாற் கற்கும் கல்விமுறை அவ்வாறு நிலைபெற்றது. இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் பி. எல். சாமியும், ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ என்னும் நூலை எழுதிய கு. சீநிவாசனும் குறிப்பிடத்தக்கவர்கள். பாடலிலே வரும் வருணனையையும் உயிருள்ள செடியையும் ஒப்புநோக்கி, ஊகத்தை ஊகம் என்றே சொல்லும் நேர்மை அவர்களது முயற்சியிலே உண்டு. ஆயினும் அவர்களது களம் தமிழ்நாடு. ஈழத்து வழக்குகளை அங்கே தேடுவது நியாயமுமன்று. அது எமது பணி. அதனை நாம் செய்யவில்லை.

செய்தவர்கள் அன்னியர். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் வைத்தியராக 1672 இல் இலங்கைக்கு வந்த போல் ஹேமன் சேர்த்த உலர்செடிகளே இத்தீவின் தாவரங்கள் பற்றிய அறிவுக்கு அடித்தளமாயின. அவர் இறந்தபின் 1717 இல் அவரது குறிப்புகள் அச்சாகின. அவரது சேகரிப்பைக் கொண்டு சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். லின்னேயஸ் இத்தீவைக் கண்டவரல்லர். அச்சேகரிப்பு இன்று இலண்டனில் உள்ளது. பின்னர் 1821 இல் பேராதனைப் பூங்கா நிறுவப்பட்டது. 1880 முதல் அதற்குப் பொறுப்பாயிருந்த ஹென்றி டிறிமென் எழுதத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைநூல் 1893 முதல் வெளிவந்தது. மூன்று பாகங்களோடு 1896 இல் அவர் இறக்க, எஞ்சிய இரண்டையும் ஜோசப் ஹூக்கர் 1900 இல் முடித்தார். அந்நூலின் திருத்திய பதிப்பு 1980 முதல் 2006 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது. கைநூலும் அதன் திருத்திய பதிப்பும் ஆங்கிலத்திலேயே உள்ளன.

டிறிமெனின் கைநூலை நாம் மதிப்போடே அணுகுகின்றோம். அவர் செடியின் இலை, பூ, காய் ஆகியவற்றை விவரிப்பதோடு நின்றுவிடவில்லை. அது உலர்வலயத்ததா ஈரவலயத்ததா, அரிதா பெருவழக்கா, எந்த மாதத்திலே பூப்பது என்பவற்றையும் சுருங்கச் சொல்கின்றார். சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் தருகின்றார். இத்தீவுக்கேயுரியது எது, வெளியிலிருந்து வந்து பரவியது எது என்று பிரித்துக் காட்டுகின்றார். சொற்சிக்கனமும் ஐயத்தை மறையாத பண்பும் அந்நூலின் சிறப்புகள். எமது ஆய்வுக் கட்டுரையாளர் சிலர் அந்நடையிலே பாடங் கற்கலாம்.

ஆனால் அப்பெயர்களைச் சொன்னவர் யார்? ‘தமிழ்ப் பெயர்’ என்று அச்சிலே நிற்கும் சொல்லின் பின்னால் எவனோ ஒரு கமக்காரன், விறகு வெட்டுபவன், நாட்டு வைத்தியன் இருந்திருப்பான். சேகரித்த துரையின் பெயர் செடியின் இலத்தீன் பெயரிலே நிலைத்தது. வழிகாட்டியவனின் பெயர் எங்குமில்லை. இது தவிர்க்க முடியாததொன்றன்று. இதே காலத்தை ஒட்டி மலையாளக் கரையிலே வான் றீட் என்னும் ஒல்லாந்துத் தளபதி, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலே, ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனின் சான்றுரையை அவர் பெயரோடு அச்சிட்டார். தாழ்த்தப்பட்ட சாதியினரான ஒருவரின் அறிவுக்கு அது ஓர் ஒப்புதற் சாட்சியமாக நிற்கின்றது. இலங்கையிலே அத்தகைய பெயரொன்று எமக்குக் கிடைக்கவில்லை.

இவ்விடத்திலே சாயவேரின் கதையை நினைவுகூர்தல் தகும். மன்னார், யாழ்ப்பாணக் கரையோரம், தீவுகள் ஆகிய இடங்களின் மணற்பாங்கான தரையிலே முளைக்கும் சிறு பூண்டு அது. அதன் வேரிலிருந்து எடுக்கும் செஞ்சாயம் துணிகளுக்கு ஏற்றப்பட்டது. ஒல்லாந்தரும் அவர்களைத் தொடர்ந்து ஆங்கிலேயரும் அவ்வேரை அரசின் தனியுரிமையாகவே வைத்திருந்தனர். வேரைக் குத்தி எடுத்துக் கொடுப்பது ஒடுக்கப்பட்ட சாதியினர் சிலருக்குப் பிறப்பால் விதிக்கப்பட்ட கடமையாயிருந்தது. எந்த மணலிலே தரமான வேர் கிடைக்கும், எத்தனை மழைக்குப் பின் தோண்டவேண்டும், எவ்வளவு விட்டுவைத்தால் மறுபடி முளைக்கும் என்பவற்றையெல்லாம் அறிந்தவர்கள் அவர்களே. அவர்களது அறிவு வரியாக வாங்கப்பட்டது; நூலாக எழுதப்படவில்லை. வேரிலுள்ள அதே சாயப்பொருளை ஜெர்மனிய இரசாயனவியலாளர் 1868 இல் ஆய்வுகூடத்திலே ஆக்கியதும், உலகெங்கும் சாயவேர்களின் சந்தை சரிந்தது. இன்று அப்பூண்டு காலடியிலே கிடக்கின்றது. பெயர் சொல்லி அதனை இனங்காட்டக் கூடியவர் சிலரே. செடியின் வாழிடத்தைப் பதிவதென்பது, அவ்வாழிடத்தை உழைப்பால் அறிந்த மக்களைப் பதிவதாகவும் இருக்கவேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

இனி, பூர்வீகம் என்னும் சிக்கலுக்கு வருவோம். செடியொன்று ஓரிடத்துக்கு இயற்கையாகவே உரியதா, மனிதரால் கொண்டுவரப்பட்டதா என்பதை அறிதல் தாவரப் பதிவின் முதன்மையான பணிகளுள் ஒன்று. 2012 ஆம் ஆண்டின் தேசிய செந்தரவுப் பட்டியல் இலங்கையின் பூக்குந் தாவரங்களாக 3,154 இனங்களை எடுத்துக்கொண்டது. அவற்றுள் 894 இத்தீவுக்கு மாத்திரமே உரியவை. அவற்றிற் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மத்திய மலைகளிலும் உள்ளன. எமது வடக்கு, கிழக்குப் பிரதேசங்களின் செடிகளோ தென்னிந்தியாவின் உலர்ந்த சமவெளிகளோடு பெரும்பாலும் பொதுவானவை. இதனால் அவை ஆய்வாளரின் கண்ணைக் கவர்வதில்லை. இத்தீவுக்கேயுரியதன்று என்பதால் ஒரு செடி கவனிக்கத் தகாததாகிவிடாது. போதாக்குறைக்கு 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இப்பகுதிகளின் காடுகளை ஆய்வாளருக்கு அடைத்து வைத்தது.

பெயரை நம்பிப் பூர்வீகம் கணித்தல் ஆபத்தானது. நீர்நிலைகளை மூடும் ஊதாப்பூச் செடியைச் சிங்கள மக்கள் ‘ஜப்பான் ஜபர’ என்பர். அதற்கும் ஜப்பானுக்கும் உறவில்லை. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, 1909 இல் அதனை அழிப்பதற்கென்றே சட்டமியற்ற வேண்டியதாயிற்று. தமிழிலே அதற்கு ஆகாயத்தாமரை என்கின்றோம். அப்பெயர் முன்னரே வேறொரு நீர்ச்செடிக்கு உரியது. எமது வேலிகளிலே கிளுவையும் பூவரசும் நிற்குமிடத்திலே கதியாலாக வந்து நிற்கும் சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. கிளுவைக்கும் அதற்கும் உறவு பெயரளவிலேயே. நாகதாளியும் அமெரிக்காவினதே. தோட்டத்து மிளகாயும் புகையிலையும் மரவள்ளியும் அவ்வாறே. சங்கத் தமிழன் மிளகாயைக் கண்டவனல்லன்.

மறுபுறத்தே, பூர்வீகமானது என்பதாலேயே எமக்கு மட்டும் உரியது என்றும் ஆகிவிடாது. கார்த்திகை மாதத்திலே வேலிகளிலும் மணற்றிட்டிகளிலும் நெருப்பெனப் பூக்கும் காந்தளை எடுத்துக்கொள்வோம். அது இம்மண்ணுக்கு இயற்கையாக உரியது, ஐயமில்லை. ஈழத்திலே அது அரசியற் சின்னமாயிற்று. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. அதே காந்தள் ஆபிரிக்காவிலும் இயற்கையாகவே வளர்கின்றது. சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் அதுதான். செடிக்குத் தேசப்பற்று இல்லை. மண், மழை, வெயில் என்பனவே அதன் எல்லைகள். குறிஞ்சியின் கதையும் சிந்திக்கத்தக்கது. நீலகிரியிலே பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை பூப்பதாகப் புகழ்பெற்ற குறிஞ்சியைப் படத்திலே காட்டிக் கற்பிக்கின்றோம். எமது மத்திய மலைகளிலே அதே பேரினத்தைச் சேர்ந்த, சிங்களத்திலே ‘நெலு’ எனப்படும் செடிகள் முப்பது இனங்களளவில் உண்டு. பெரும்பாலானவை இத்தீவுக்கே உரியவை. ஹோட்டன் சமவெளியிலே அவை ஆண்டுகள் பல காத்திருந்து ஒருங்கே பூக்கும் காட்சியைக் காணச் சனங்கள் திரள்கின்றனர். தமிழ்ப் பாடத்திலே அதற்கு இடமில்லை.

வந்து பரவிய செடிகள் அனைத்தையும் ஒரு நிறையிலே இடுதலும் தவறு. நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்கும் பெருக்க மரங்கள் ஆபிரிக்க இனம். அராபிய வணிகரோடு வந்திருக்கலாம் என்பர். அவை நூற்றாண்டுகளாக நிற்கின்றன. எதனையும் நெருக்கி அழிக்கவில்லை. ஊர்மக்களுக்கு அவை தம் ஊரின் அடையாளம். உண்ணிச்செடியோ அவ்வாறன்று. 1826 இல் அமெரிக்க அயனப் பகுதியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்த அது, வேலி தாண்டி நாடெங்கும் பரவிக் காட்டின் அடித்தளத்தையே மூடிவிட்டது. சல்வீனியா 1939 இல் ஆய்வுக்கென்று கொண்டுவரப்பட்டது. பின்னர் வயல்களும் வாய்க்கால்களும் பட்ட பாட்டை விவசாயிகள் அறிவர். நாட்டின் தாவரங்களைப் பதிந்த அறிவு நிலையங்களே நாட்டைக் கெடுத்த தாவரங்களுக்கும் வாயிலாயின என்பது குடியேற்றவாத விஞ்ஞானத்தின் முரண்பாடு. தோட்டப் பொருளாதாரத்துக்கு எது இலாபம் தரும் என்று பார்த்துச் செடிகளை இடம் பெயர்த்தவர்களுக்கு, மண்ணின் செடிக்கு என்ன நேரும் என்பது இரண்டாம் பட்சமாயிற்று.

எமது தலைமுறை கண்ணெதிரே கண்டது பார்த்தீனியம். 1999 இல் வவுனியாவிலே அது இனங்காணப்பட்டது. இந்திய அமைதிப்படை இங்கிருந்த 1987 முதல் 1990 வரையான காலத்திலே, படைக்கென வந்த கால்நடைகளோடும் பொருட்களோடும் விதை வந்திருக்கவேண்டும் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தோலிலே அரிப்பையும் மூச்சு இடர்ப்பாட்டையும் உண்டாக்கும் அச்செடி பின்னர் வடக்கின் தோட்டத் தரைகளிலே பரவிற்று. போர் மனிதரை மட்டுமன்றிப் புல்பூண்டுகளையும் இடம்மாற்றுகின்றது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ? எம் எழுத்தாளர் போரை எழுதினர், நன்றாகவே எழுதினர். கைவிடப்பட்ட தோட்டத்திலே முதன்முதலாக முளைத்த இவ்வெள்ளைப் பூச்செடியை எழுதியவர் எத்தனை பேர்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பூர்வீகச் செடிகள் பற்றி இந்நாளிலே உற்சாகத்தோடு எழுதுவோர் சிலரின் நடையிலே ‘வந்தேறி’, ‘கலப்பு’, ‘தூய்மை’, ‘மண்ணின் மைந்தன்’ முதலிய சொற்கள் புகுந்து விளையாடுகின்றன. செடியைப் பற்றித் தொடங்கும் கட்டுரை இறுதியிலே மனிதரைப் பற்றியதாக முடிகின்றது. இது உவமை என்னும் போர்வையிலே வரும் நஞ்சு. ஆக்கிரமிக்கும் செடியை விஞ்ஞானம் அடையாளங் காண்பது, அது பிற செடிகளுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் செய்யும் தீங்கை அளந்து. பிறந்த நாட்டைக் கேட்டு அன்று. மனிதரோ விதைகள் அல்லர். உழைப்பாலும் மொழியாலும் உறவாலும் தாம் வாழும் நிலத்தை ஆக்கிக்கொள்பவர்கள்.

இவ்வுவமையின் கொடுமையை இத்தீவு பட்டறிந்தது. தேயிலைச் செடி இந்நாட்டினதன்று. 1824 இல் சீனத்திலிருந்து பேராதனைக்கு வந்தது. 1867 இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரிலே பயிரிட்டார். கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபின் மலையெங்கும் பரவிற்று. குறிஞ்சி நிலத்துக் காடுகள் அதற்காக அழிக்கப்பட்டன. அச்செடியின் இலைக்கு நாட்டின் பெயரே சூட்டப்பட்டது. உலகச் சந்தையிலே அது ‘சிலோன்’ தேயிலை. அச்செடியை நட்டு, களையெடுத்து, கொழுந்து கிள்ளிய மக்களோ 1948 இன் குடியுரிமைச் சட்டத்தினாலே நாடற்றவராயினர். அவர்கள் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை இழுபட்டது. தேயிலைச் செடியிடம் பூர்வீகம் கேட்டவர் எவருமிலர்; தொழிலாளியிடம் கேட்டனர். பூர்வீகம் என்ற வினா எப்போதும் யாரிடம், யாரால், எதற்காகக் கேட்கப்படுகின்றது என்பதை ஆராயாத விமர்சனம் முற்போக்கு விமர்சனமாகாது.

நிற்க. இவையெல்லாம் நூலறிவுக்கு மட்டும் உரிய விவாதங்கள் என்று எண்ணிவிடலாகாது. மேலே குறிப்பிட்ட மாணவனின் ஊருக்கு ஒருமுறை சென்றிருந்தோம். போரின்போது இடம்பெயர்ந்து பல்லாண்டுகள் கழித்துத் திரும்பியவர்களின் ஊர் அது. குளத்துக்கு அப்பாலுள்ள நிலத்தைக் காட்டி, அங்கே தமது வளவுகள் இருந்தன என்று முதியவர்கள் சொன்னார்கள். அது காடு, எல்லைக் கற்கள் நட்டாயிற்று, உள்ளே போகக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லியிருந்தனர். மக்களிடம் உறுதியுமில்லை, இருந்தவை இடப்பெயர்வுகளிலே தொலைந்துபோயின. எல்லையோரமாக நடந்து பார்த்தோம். முதலில் தெரிந்தவை உண்ணிச்செடி, விடத்தல், சூரை, ஆவரசு ஆகியன. வெட்டி வெளியாக்கிய தரை கைவிடப்படும்போது முந்திக்கொண்டு வருபவை. அவற்றினிடையே ஒரு கிழட்டுப் புளி, தலையற்ற தென்னை இரண்டு, முருங்கை, நித்தியகல்யாணி. சற்றுத் தள்ளிக் கிளுவை மரங்கள் ஓங்கி வளர்ந்து நின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, நேர் வரிசையிலே. காட்டு மரம் வரிசையாக முளைப்பதில்லை. அது ஒரு காலத்து வேலி. அம்மாணவனின் தாயார் அவ்வரிசையின் ஒரு மூலையைக் காட்டி, “இதிலதான் எங்கட படலை இருந்தது, மாஸ்டர்” என்றார்.

அதே நிலத்தின் தொடர்ச்சியிலே, அரைக்கட்டை தூரத்துக்கு அப்பால், பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நின்றன. அவை அம்மக்களின் பாட்டன்மாருக்கும் மூத்தவை. அது உண்மையான காடு, காக்கப்படவேண்டியது. அதனையும் வளவென்று சொல்லி வெட்ட நினைப்பவர் எவராயினும், அவர் மரக்கடத்தற்காரராயினும் எம்மவராயினும், நாம் எதிர்த்தேயாகவேண்டும். ஆயின் இரண்டையும் ஒரே பச்சை நிறத்தாலே படத்திலே தீட்டுவது விஞ்ஞானமன்று. எது இயற்கையாக முளைத்தது, எது நட்டது, எது கைவிடப்பட்ட தரையிலே பின்னர் வந்து சேர்ந்தது என்று பிரித்து எழுதிய ஒரு பதிவு அவ்வூருக்கு இருந்திருப்பின், காட்டுக்கும் அது காவலாயிருக்கும். மக்களுக்கும் அது சாட்சியாயிருக்கும். செடிகளின் வாழிடத்தையும் பூர்வீகத்தையும் எழுதிவைத்தல் எவருக்குப் பயன் என்று கேட்போருக்கு எமது விடை இதுவே.

இதனைச் செய்யவேண்டியவர்கள் யார்? தாவரவியலாளர் மட்டும் என்று கைகழுவிவிட முடியாது. அவர்கள் தொகை சிறிது; அவர்களது நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஒவ்வொரு பாடசாலையும் தன்னைச் சுற்றியுள்ள மூன்று கட்டைத் தூரத்தின் செடிகளைப் பதியத் தொடங்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளிலே அழுத்தி உலர்த்திய ஒரு கிளை, பூவோடு அல்லது காயோடு. எடுத்த இடம், நாள். மண் மணலா, செம்மண்ணா, களியா, உவரா. அருகிலே நின்ற பிற செடிகள் எவை. ஊரார் வழங்கும் பெயர், அயலூரிலே வேறு பெயராயின் அதுவும். அதை அறிந்து சொன்னவரின் பெயர், அவர் விரும்பினால். இந்த இறுதிக் குறிப்பை விட்டுவிடலாகாது. டிறிமெனின் நூல் விட்ட இடத்தை நாம் நிரப்புவது அதனாலேயே. பூர்வீகம் ஐயத்துக்குரியதாயின் ஐயம் என்றே எழுதவேண்டும். இலத்தீன் பெயரைப் பின்னர் தாவரவியல் ஆசிரியரோடும் கைநூலோடும் ஒப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு மேசையிலே அமர்வதற்கு இதனிலும் நல்ல வாய்ப்பு வேறில்லை.

எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. யதார்த்தம் என்பது வறுமையை எழுதுவதோடு முடிந்துவிடுவதன்று. வறியவன் எந்தக் கீரையைப் பறித்துப் பசியாறினான், எந்த முள்ளிலே அவன் கால் கிழிந்தது, எந்த நிழலிலே கிழவி விறகுக் கட்டை இறக்கி வைத்தாள் என்பவற்றைப் பெயர் சொல்லி எழுதும்போதே அது முழுமையடைகின்றது. பெயர் தெரியாவிடின் கேட்டறிய வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படுவது படித்தவர்களின் நோய்.

நாம் அந்நோயிலிருந்து முற்றாக மீண்டுவிட்டோம் என்று சொல்லமாட்டோம். கடந்த மூன்று ஆண்டுகளாக மாணவர்களோடு சேர்ந்து தொகுத்துவரும் ஏட்டிலே இதுவரை நூற்றுப் பன்னிரண்டு செடிகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பத்தொன்பதுக்கு ஊர்ப்பெயர் மட்டுமே தெரியும். ஆறுக்கு அதுவும் தெரியாது. முதலாம் பக்கத்திலே பாலை இருக்கின்றது. ‘சொன்னவர்’ என்ற இடத்திலே அம்மாணவனின் பெயர் எழுதப்பட்டுள்ளது.